புரோக்கரின் பதின்மூன்றாவது செயின்

இடைவெளியைக் கண்ணால் பார்க்கத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தார், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தார், ஒரு நாளைக்கு ஒன்பது டீ குடித்தார். இரண்டு பேர் நின்றால் நாமெல்லாம் இரண்டு பேரைப் பார்ப்போம். அவர் நடுவிலிருக்கிற காலி இடத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மாவும் போக மாட்டார். "ரெண்டு அணு கம்மியா கீது நைனா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்று முன்பின் தெரியாதவனின் தோளைப் பிடித்து நகர்த்தி வைத்துவிட்டுத்தான் போவார்.

எங்கள் லேபில் அவருக்குப் பெயர் புரோக்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அட்டையை எப்போதும் திருப்பியே தொங்கவிட்டிருப்பார். வருஷக்கணக்காக நாங்கள் படித்ததெல்லாம் அதன் முதுகில் அச்சடித்திருந்த 'கண்டெடுத்தவர் திருப்பித் தரவும்' என்ற ஒரு வரியைத்தான்.

லேப் எஸ்டேட்டின் உள்தெரு ஒன்றில் இருந்தது. கீழே பிரஸ் பட்டறை, மேலே நாங்கள். கீழே மெஷின் 'தொம்' என்று தகட்டை அடிக்கும்போதெல்லாம் மேலே எங்கள் கண்ணாடிக் குடுவைகள் 'கிண்' என்று பதில் சொல்லும். தொம், கிண், தொம், கிண். அந்தத் தாளத்துக்கு நடுவே, வெளிநாட்டில் புது மருந்து தேடுகிறவர்கள் கேட்கிற மூலக்கூறுகளைச் செய்து, சுண்டுவிரல் உயரக் குப்பிகளில் அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. நான் மூலக்கூறின் முனைகளைச் செய்கிறவன். பக்கத்துப் பெஞ்சில் புரோக்கர் செய்தது லிங்க்கர். அதாவது இரண்டு முனைகளையும் சேர்க்கிற நடுச் சங்கிலி. முனைக்காரர்களுக்கு எங்கே போனாலும் ஒரு மரியாதை உண்டு. நடுவிலிருக்கிற கயிற்றை யார் விசாரிக்கிறார்கள்? "ரெண்டு பக்கமும் மாப்ள பொண்ணு மாதிரி. நடுவுல நாந்தான் புரோக்கரு" என்று அவரே ஒருநாள் நெஞ்சில் தட்டிச் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிய பெயர் கேட்டைத் தாண்டி வெளியேயும் போனது. எங்கள் பக்கத்தில் புரோக்கர் என்றால் நிலம்தான். தெருமுனை டீக்கடைக்காரர் ஒருநாள் ஸ்பெஷல் டீயோடு வந்து காதோரம் குனிந்தார்.

"அண்ணாத்தே, வானகரத்துல அரை கிரவுண்டு இருந்தா பாத்துக் குடேன்."

"நெலம் இல்ல நைனா. பதினாலு அணு வரைக்கும் எது வேணா குடுப்பேன்."

"அத வச்சி ஊடு கட்ட முடியுமா?"

"கட்ட முடியாது. இடிக்கலாம்."

டீக்கடைக்காரர் அன்றிலிருந்து அவருக்கு ஸ்பெஷல் டீ போடுவதை நிறுத்திவிட்டார்.

லேபுக்குள் அவருடைய சேவை இன்னும் உக்கிரமானது. எங்கள் ஸ்டோர்ஸ்காரரும் ரிசப்ஷன் அக்காவும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. புரோக்கர் கேன்டீனில் ஒரு வாரம் அவர்களை வேடிக்கை பார்த்தார். "ரொம்ப தூரம். இருவது அணு" என்று தீர்ப்பு சொன்னார். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து பெஞ்சுகளை இழுத்துப் போட்டுவிட்டார். மதியம் அக்கா சாம்பார் வாளியை எடுக்க வேண்டுமென்றால் ஸ்டோர்ஸ்காரரின் முழங்கையைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். மூன்று வருஷ மௌனம் உடைந்தது. உடைந்த சத்தம் பிரஸ் பட்டறை வரைக்கும் கேட்டது.

"யோவ், கைய எடுய்யா!"

"நீ மொதல்ல வாளிய வுடும்மா!"

நான் பதறிப்போய்ப் புரோக்கரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி ரசம் குடித்துக்கொண்டிருந்தார். "பேசறாங்கல்ல?" என்றார்.

காகிதத்தில் வரைவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கம்ப்யூட்டரில் சுழலும் படங்களைப் பார்த்தால் பித்தம் ஏறுகிறது என்பார். கள்ளிக்குப்பத்து சைக்கிள் கடையில் பழைய செயின்களை வாங்குவார். ஒரு கண்ணிக்கு ஒரு அணு என்று கணக்கு. எந்த நீளத்தில் லிங்க்கர் செய்கிறாரோ அந்த நீளத்துக்குச் செயினை வெட்டி, பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைவார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜபமாலை போல ஒவ்வொரு கண்ணியாக உருட்டிக்கொண்டே வருவார். அந்த வருஷம் ஒரே ஆர்டருக்குப் பன்னிரண்டு நீளங்கள். அவருடைய பெஞ்சுக்கு மேலே பதினோரு செயின்கள் ஆணியில் தொங்கின. பன்னிரண்டாவதின் குப்பியும் அனுப்பியாகிவிட்டது, செயின் மட்டும் இன்னும் பாக்கெட்டில்.

இப்படிப்பட்டவரை மழைக்காலத்தில் ஒரு காலை போலீஸ் பிடித்ததில் ஆச்சரியமில்லை. அதுவரை பிடிக்காமல் விட்டதுதான் ஆச்சரியம். முந்தின நாள் இரண்டு கோஷ்டிகளுக்குள் அடிதடி. பஸ் ஸ்டாப்பில் எல்லோரையும் தடவிப் பார்த்தார்கள். நம் ஊரில் பாக்கெட்டில் சைக்கிள் செயினோடு நிற்பவன் சைக்கிள் ஓட்டப் போகிறான் என்று எந்தப் போலீஸ்காரரும் நம்ப மாட்டார். எனக்கு போன் வந்தது. ஓடினேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. அங்கே டீ நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மேஜைமேல் செயின். இந்தப் பக்கம் புரோக்கர். அந்தப் பக்கம் சப் இன்ஸ்பெக்டர்.

"இன்னாய்யா இது?"

"லிங்க்கர் சார்."

"செயின வச்சிகினு லிங்க்கருன்றியா? யார அடிக்கப் போன?"

"புரதத்த சார்."

"அவன் எந்த ஏரியா?"

"எல்லார் உடம்புலயும் கீறான் சார். நம்ம ஆளு கெட்டுப் போனவன். கேன்சர் வளக்கறவன்."

சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் புரோக்கர் எழுந்துவிட்டார். அவருக்குள் அந்த வேகம் கிளம்பிவிட்டால் எதிரில் யார் என்பதெல்லாம் கிடையாது. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவனை இடது கையால் பிடித்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளை வலது கையால் பிடித்தார்.

"சார், நல்லா பாருங்க. இவன் பிக்பாக்கெட்."

"நான் பிக்பாக்கெட் இல்ல சார், பைக் கேஸு" என்றான் அவன், மனம் புண்பட்டு.

"ஏதோ ஒண்ணு. இவன்தான் கெட்ட புரதம். இவரு கான்ஸ்டபிள். செல்லுக்குள்ள எது குப்பைனு பாத்து சீட்டு ஒட்டறது இவரு வேல. சீட்டு ஒட்டிட்டா முடிஞ்சிது, அரைக்கிற மெஷின்ல போயி இவன் காலி. ஆனா ரெண்டு பேரும் ஒரே தெருவுல இருந்துகினே ஒருத்தர ஒருத்தர் பாக்கறதே இல்ல. நம்ம மருந்துக்கு ரெண்டு கை. ஒரு கை இவன புடிக்கும், ஒரு கை இவர புடிக்கும். நடுவுல தோளு மாதிரி கீது பாருங்க, அதான் லிங்க்கரு. அதான் நானு. சீட்டு ஒட்டினதும் மருந்து கைய வுட்டுட்டு அடுத்த ஆள புடிக்கப் போய்டும்."

"தோளு நீளமா இருந்தா இன்னா, குட்டையா இருந்தா இன்னா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். அவரையறியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

அந்தக் கேள்வியை மட்டும் கேட்டிருக்கக் கூடாது. "குட்டையா இருந்தா இப்டி" என்று புரோக்கர் இரண்டு கைகளையும் சட்டென்று சேர்த்தார். இரண்டு மண்டைகளும் 'டங்' என்று முட்டின. தொப்பி உருண்டது. "நீளமா இருந்தா இப்டி" என்று தள்ளினார். கான்ஸ்டபிள் வராந்தாவுக்கே போய்விட்டார். பைக் கேஸ், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, இதுதான் சமயம் என்று வாசலைப் பார்த்தான். "பாத்தீங்களா? இவன் எஸ்கேப்பு. இந்தத் தூரத்தக் கண்டுபுடிக்கத்தான் செயினு."

சப் இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் ஃபேன் ஆடியது. டீ வந்தது. புரோக்கரை விட்டுவிட்டார்கள். பன்னிரண்டாவது செயினை மட்டும் விடவில்லை. "அது இருக்கட்டும்" என்று ஜன்னலோரம் எறிந்தார்கள். ஜன்னலுக்குக் கதவு இல்லை. வெளியே மழை.

அந்த வாரம்தான் இடி விழுந்தது. மேடம் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லேபின் தலைவி அவர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறவர். அன்றைக்குத் தேடவில்லை. "பன்னெண்டும் வேலை செய்யல" என்றார். வெளிநாட்டில் செல்லில் போட்டுப் பார்த்தார்களாம். கெட்ட புரதம் போட்டது போட்டபடி உட்கார்ந்திருக்கிறதாம். முனைகள் செய்ய அவர்கள் கொடுத்த மூலப்பொருளில் இன்னும் ஒரே ஒரு தடவை செய்து பார்க்கிற அளவுதான் மிச்சம். அதுவும் தோற்றால் ஆர்டரை நிறுத்திக்கொள்வார்கள். ஆர்டர் நின்றால் லிங்க்கர் பெஞ்சு இல்லை. எனக்கு முனை வேலை தெரியும், எங்காவது ஒட்டிக்கொள்வேன். ஐம்பத்து நாலு வயதில் புரோக்கருக்குத் தெரிந்தது நடு மட்டும்தான். பெஞ்சு இல்லையென்றால் புரோக்கர் இல்லை.

"பதினாறு அணுவுல ஒண்ணு கேக்கறாங்க. கடைசி முயற்சி" என்றார் மேடம்.

அன்றைக்கு முதல்முறையாகப் புரோக்கர் யாரையும் நகர்த்தி நிற்கவைக்காமல் பஸ் ஏறிப் போனார். கூட்டத்தில் இரண்டு பேருக்கு நடுவே நசுங்கிக்கொண்டு, கையில் உருட்டச் செயினும் இல்லாமல்.

பத்தாவது நாள் ஸ்டேஷனிலிருந்து போன். "யோவ் லிங்க்கரு, உன் செயின வந்து எடுத்துனு போ, ஜன்னலெல்லாம் துரு." நானும் கூடப் போனேன். செயின் காவி நிறத்தில் இறுகிக் கிடந்தது. புரோக்கர் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினார்.

செயின் தொங்கவில்லை.

நடுவே ஒரு கண்ணி துருவேறி, மடங்கிய முழங்கை போலப் பூட்டிக்கொண்டிருந்தது. அதனால் செயினின் இரண்டு முனைகளும் நேருக்கு நேர், பேச வந்தவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தன. உதறினார். முனைகள் திரும்பி வந்து ஒன்றையொன்று பார்த்தன. மறுபடி உதறினார். மறுபடி பார்த்தன. புரோக்கரின் முகத்தில் அப்போது ஏறிய வெளிச்சத்தை நான் எந்த விளக்கிலும் பார்த்ததில்லை.

"சார்! நீங்க சயின்டிஸ்ட் சார்!" என்று சப் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"யோவ், இவரக் கூட்டிகினு கெளம்புய்யா" என்றார் அவர் என்னிடம், கையை மெதுவாக உருவிக்கொண்டே.

குடையை ஸ்டேஷனிலேயே மறந்துவிட்டு மழையில் ஓடினோம். லாரிகள் தண்ணீரை வாரி அடித்தன. ஐம்பத்து நாலு வயது மனிதர், தலைக்கு மேல் துருப்பிடித்த செயினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டும் கயிறு நைனா! பன்னெண்டும் வெறும் கயிறு! கைய புடிச்சிகினு இருந்தாலும் மூஞ்ச பாக்கல! முழங்கை வேணும்!" என்று கத்திக்கொண்டே ஓடினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? வழிவிட்டார்கள். செயினைப் பார்த்துத்தான்.

மேடத்தின் மேஜைமேல் துருத்தண்ணீர் சொட்டச் சொட்டச் செயினை நிறுத்தினார்.

"நீளம் பிரச்சினையே இல்ல மேடம். நடுவுல ஒரு வளையம் வச்சி மடக்கிடறேன். வெறப்பா நிக்கும். ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி."

"சார், கஸ்டமர் கேட்டது நீளம்."

"கஸ்டமர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதில்ல மேடம்."

மேடம் செயினைத் தள்ளினார். அது திரும்பி வந்து நின்றது. இன்னொரு தடவை தள்ளினார். பிறகு தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாரம். கடைசி வெள்ளிக்கிழமை குப்பி கூரியர்ல இருக்கணும். கஸ்டமருக்கு நான் எழுதறேன். தப்பாச்சுன்னா நானும் உங்களோட பஸ் ஸ்டாப்புல நிக்கணும்."

"எத்தினி அணு தள்ளி மேடம்?"

"வெளிய போங்க சார்!" என்றவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று வாரங்களைப் போல எனக்கு வேறு எந்த மூன்று வாரமும் வாய்க்கவில்லை. தொம், கிண். ஐந்து படிகள். ஒரு படி முடிந்தால் அடுத்தது தானே கதவைத் திறந்துகொண்டு வந்தது. புரோக்கர் குடுவையோடு பேசினார், குடுவையைத் திட்டினார், குடுவைக்குப் பாட்டுப் பாடினார். பன்னிரண்டாவதாக இருந்த துருச் செயின், பதின்மூன்றாவதாகப் புது ஆணியில் ஏறியது. தொங்கவில்லை, நின்றது. டீ பதினொன்றாகியது.

இந்த இடத்தில் ஊறுகாய் பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் செய்கிற எதையும் தட்டு வைத்துத்தான் பார்ப்போம். தட்டு என்றால் தீப்பெட்டி அகலத்தில் வெள்ளைப் பொடி பூசிய ஒரு துண்டு. அதன் அடியில் பொருளைப் புள்ளி வைத்து, கொஞ்சம் திரவத்தில் நிறுத்தினால், புள்ளி எறும்பு போல மேலே ஏறும். எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை வைத்து இன்னார் என்று சொல்லிவிடலாம். புற ஊதா விளக்கை அடித்தால் என் முனைகளெல்லாம் பளிச்சென்று கறுப்பாகத் தெரியும். லிங்க்கர்கள் தெரியாது. அங்கேதான் இருக்கும், ஆனால் தெரியாது. "கூச்சக்காரப் புள்ளைங்க" என்பார் புரோக்கர். அவற்றுக்காக ஒரு பழைய மாங்காய் ஊறுகாய் பாட்டிலில் அயோடின் துகள்கள் போட்டு வைத்திருந்தார். லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. உள்ளே ஊதாப் புகை. தட்டை அதற்குள் போட்டு மூடினால், கூச்சக்காரப் பிள்ளைகள் மெல்ல மெல்லப் பழுப்பாக முகம் சிவப்பார்கள். வெளியே எடுத்ததும் உடனே பென்சிலால் வட்டம் போட வேண்டும். காற்று பட்டால் கொஞ்ச நேரத்தில் நிறம் போய்விடும்.

பிள்ளைகளை மட்டுமல்ல, அந்தப் பாட்டில் திருடர்களையும் காட்டிக்கொடுக்கும். தட்டின் முகத்தில் விரல் பட்டால் விரலின் எண்ணெய்ப்பசை அப்படியே பழுப்பில் எழும்பும். என் தட்டுகளில் எப்போதும் என் கட்டைவிரல் இருக்கும். "ஓரத்தப் புடி, ஓரத்தப் புடின்னு எத்தினி வாட்டி சொல்றது? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ரேக வச்சா மாதிரி வச்சிகீற பாரு!" அவருடைய தட்டுகளில் ஒரு கறை இருந்து நான் பார்த்ததேயில்லை.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. லிங்க்கர் முடிந்துவிட்டது. கடைசியாகக் கண்ணாடிக் குழாயில் விட்டு வடித்துப் பிரித்து, நாற்பது டெஸ்ட் டியூப்களில் பிடித்து வைத்திருந்தார். எந்தெந்த டியூபில் பொருள் இருக்கிறது என்று சாப்பிட்டு வந்து பார்ப்பதாகத் திட்டம். சாப்பிடவே போகாதவரை நான்தான் பிடித்துத் தள்ளினேன். "போங்க அண்ணாத்தே, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். தட்டு வைத்தேன், விளக்கு அடித்தேன். ஒன்றுமில்லை. லிங்க்கர் விளக்கில் தெரியாது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் இந்தத் தடவை நடுவில் வளையம் வைத்திருக்கிறாரே, என் முனைகளில் இருப்பதும் வளையம்தானே, வளையமிருந்தால் தெரிய வேண்டுமே என்று என் புத்தி கணக்குப் போட்டது. என் வளையங்கள் விளக்கில் தெரிகிற ரகம். அவருடையது தெரியாத ரகம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குத் தெரிகிற அந்த வித்தியாசம், பதினேழு வருஷம் வேலை பார்த்த எனக்கு அந்த மதியம் தெரியவில்லை. இவையெல்லாம் வெறும் முதல் வடிப்பு, சரக்கு இன்னும் குழாயிலேயே இருக்கிறது, அடுத்த நாற்பதுக்கு இடம் வேண்டும் என்று முடிவு செய்து, நாற்பதையும் ஒவ்வொன்றாக, வெகு பொறுப்பாக, கழிவுக் கேனில் கொட்டினேன். செவ்வாய்க்கிழமை கழிவு லாரி வரும் நாள். கேன் கீழே போனது.

புரோக்கர் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். காலி ஸ்டாண்டைப் பார்த்தார்.

"புள்ளைங்க எங்க நைனா?"

"ஒண்ணும் தெரியல அண்ணாத்தே. கொட்டிட்டேன்."

"எதுல பாத்த?"

"விளக்குல."

கீழே 'தொம்' என்றது. மேலே 'கிண்' கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அவர் திட்டியிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். திட்டவில்லை. ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தார். தட்டு டப்பாவையும் ஒரு பீக்கரையும் தான் எடுத்துக்கொண்டார். "ஓடு!"

பின்கட்டில் லாரி நின்றுகொண்டிருந்தது. ஐந்து கேன்கள். ஐந்தும் வெள்ளை. மழையில் ஊறி லேபிள்கள் கழன்று தரையில் கிடந்தன. டிரைவர் முதல் கேனை ஏற்றக் குனிந்திருந்தார்.

"நைனா! நிறுத்து!"

"இன்னா சார், வானகரத்துல இன்னும் ரெண்டு எடம் கீது, மூணு மணிக்குள்ள போவணும்."

"இதுல என் புள்ள கீது."

டிரைவர் கேனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கேனிலிருந்து கையை எடுத்து ஓரடி பின்னால் போனார்.

ஐந்து கேன்களிலிருந்தும் ஐந்து சொட்டு. ஒரே தட்டில் ஐந்து புள்ளிகள். புரோக்கரே வைத்தார். தட்டைப் பீக்கரில் நிறுத்தினார். திரவம் மெல்ல ஏறத் தொடங்கியது. அதை விரட்ட முடியாது. அது ஏறுகிற வேகத்தில்தான் ஏறும். டிரைவர் சலித்துக்கொண்டு வண்டிப் பக்கம் நகர்ந்தார். புரோக்கர் இடது கையால் டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்தார். வலது கையால் என் மணிக்கட்டை. இழுத்து நிறுத்தினார். "இப்டியே நில்லுங்க. கரெக்டு தூரம்." மூன்று பேரும் கைகோத்தபடி, பின்கட்டுச் சேற்றில், ஒரு பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். புரதம், கான்ஸ்டபிள், குப்பை லாரி எல்லாம் இருந்தன. யார் யார் என்பதுதான் குழப்பம்.

தட்டை எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினார். காலையில் கொஞ்சம் சரக்கை வைத்துப் பார்த்து, பென்சில் வட்டம் போட்ட தட்டு அவர் பாக்கெட்டில் இருந்தது. அதை எடுத்து பாட்டிலோடு ஒட்டிப் பிடித்தார். ஐந்து வரிசையிலும் என்னென்னவோ கறைகள் எழும்பின. முதல் வரிசையில் அந்த உயரத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில், காலை வட்டத்தின் அதே உயரத்தில், வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு பழுப்பு.

"மூணு! மூணு! மூணாவது கேனு சார்!" என்று முதலில் கத்தியது டிரைவர்தான். மற்ற நான்கையும் அவரே ஏற்றிக்கொண்டார். மூன்றாவதை மாடிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "புள்ளய ஜாக்கிரதையா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேனிலிருந்த அத்தனை திரவத்தையும் ஆவியாக்கி விரட்டி, மிஞ்சிய பிசினைத் திரும்பவும் வடித்துப் பிரித்தோம். பாதிக்கும் கீழேதான் கிடைத்தது. ஒரு தடவைக்குப் போதும். முனைகளை நான் சேர்த்தேன். அந்த இரண்டு நாளும் புரோக்கர் என் தோளுக்குப் பின்னால், சரியான தூரத்தில் நின்றார். வெள்ளிக்கிழமை மதியம் குப்பி கூரியரில் ஏறியது.

பிறகு வந்தது ஒரு மாதக் காத்திருப்பு. ஒரு காலை மேடம் அறையிலிருந்து ஓடி வந்தார். கண்ணாடி தலையில் இல்லை, கண்ணிலும் இல்லை, கையில் காற்றாடி மாதிரி சுழன்றது. திரையில் ஒரு படம். பன்னிரண்டு கறுப்புக் கோடுகள் வரிசையாக. பன்னிரண்டு செயினுக்கும் புரதம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பதின்மூன்றாவது இடத்தில் ஒன்றுமேயில்லை. வெள்ளை.

"காணோம்!" என்றார் புரோக்கர். "காணோம் நைனா! அவனக் காணோம்!"

ஒன்றுமே தெரியாத ஒரு வெள்ளை இடத்தைப் பார்த்து நாங்கள் குதித்தோம். ரிசப்ஷன் அக்கா கேசரி வாங்க ஆளனுப்பினார். ஸ்டோர்ஸ்காரர் "நெய் கம்மி" என்றார், அதில் ஒரு சண்டை. புரோக்கர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார், சப் இன்ஸ்பெக்டருக்குக் கேசரி கொடுக்க.

பெஞ்சு பிழைத்தது. பெஞ்சு வளர்ந்தது. வளர்ந்ததில் எங்கள் மாடி போதாமல், வேலை ஹைதராபாத்தில் ஒரு பெரிய லேபுக்குப் போனது. லிங்க்கர் செய்தவரும் கூடவே வேண்டும் என்று கேட்டார்கள். அவர் கிளம்பிய அன்று நான் பல் வலிக்கு லீவு. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் போனபோது ஆணிகள் காலி. என் மேஜைமேல் ஊறுகாய் பாட்டில். அதன்மேல் சாய்த்துவைத்த ஒரு தட்டு. சுத்தமான வெள்ளை. புள்ளி இல்லை, எழுத்து இல்லை. போகிற மனிதர் இரண்டு வார்த்தை எழுதி வைக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. குப்பைக் கூடைக்குக் கையை நீட்டிவிட்டேன். மூன்றாவது கேன் ஞாபகம் வந்தது.

ஓரத்தைப் பிடித்துத் தட்டைப் பாட்டிலுக்குள் இறக்கி மூடினேன். ஊதாப் புகை அசைந்தது. நடு மத்தியில், மெல்ல மெல்ல, ஒரு வளைவு. அதற்குள் இன்னொரு வளைவு. ஒரு பெரிய கட்டைவிரல், அழுத்தமாக, ரேகை பிசகாமல், பழுப்பாக எழும்பி வந்தது. வாழ்நாளில் ஒரு தட்டின் முகத்தையும் தொடாத மனிதரின் கட்டைவிரல்.

வெளியே எடுத்தேன். ஃபேனை நிறுத்தினேன். பென்சிலைத் தேடி எடுத்துச் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டேன்.

ரேகை அன்று மாலையே போய்விட்டது. வட்டம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. யாராவது அதைக் கையிலெடுத்து, "இதுல ஒண்ணுமே இல்லையே சார்" என்று கேட்டால், ஓரத்தைப் பிடி என்று மட்டும் சொல்வேன்.